எங்கள் வீட்டில் இரண்டு மணமுறிவு: பிள்ளைச் செலவும் பிள்ளையைப் பார்க்கும் நேரமும்

எங்கள் அம்மாவிடம் இரண்டு நியாயம் உண்டு. என் பிள்ளைகளின் அப்பா பணம் அனுப்பாத மாதத்தில், "காசு குடுக்காதவனுக்குப் பிள்ளைய எதுக்குக் காட்டுற?" என்பார். தம்பியை அவன் மகளைப் பார்க்க விடாத வாரத்தில், "பிள்ளையக் கண்ணுல காட்டாதவளுக்கு எதுக்குடா காசு?" என்பார். நான் பணம் வாங்கும் தரப்பு, தம்பி கொடுக்கும் தரப்பு. இரண்டு பேருமே மணமுறிவு ஆனவர்கள், இரண்டு பேருமே குடும்ப நீதிமன்றத்தில் நம்பர் எடுத்து உட்கார்ந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் ஒரே மேசையில் சாப்பிடுபவர்கள். அதனால் ஒரு தரப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுவது எங்கள் வீட்டில் நடக்காது, யாராவது ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் நிறுத்திவிடுவார்.

அம்மா சொல்லும் இரண்டுமே சிங்கப்பூரில் செல்லாது. பராமரிப்புத் தொகை ஒரு உத்தரவு, பிள்ளையைப் பார்க்கும் நேரம் வேறு உத்தரவு. ஒன்றை மீறினார் என்று இன்னொன்றை நிறுத்த முடியாது. பணம் வராவிட்டாலும் சனிக்கிழமை வந்தால் பிள்ளையை அனுப்பத்தான் வேண்டும், பிள்ளையைக் காட்டாவிட்டாலும் மாதம் பிறந்தால் பணம் போகத்தான் வேண்டும். கேட்கும்போது அநியாயமாகத் தெரியும். ஆனால் இரண்டுமே பிள்ளைக்குச் சேர வேண்டியவை, நமக்குள் கொடுத்து வாங்கிக்கொள்ளும் கடன் அல்ல. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் வழக்கறிஞர் இல்லை, உங்கள் வழக்குக்கு ஒரு வழக்கறிஞரையோ, வசதி குறைவென்றால் லீகல் எய்ட் பீரோவையோ கேளுங்கள்.

முதலில் 'கஸ்டடி' சண்டை. எங்கள் இரண்டு வழக்கிலும் சொந்தக்காரர்கள் வாயில் அதிகம் வந்த சொல் இதுதான், அதிகம் தப்பாகப் புரிந்துகொண்டதும் இதையேதான். கஸ்டடி என்றால் பிள்ளை யார் வீட்டில் தூங்குகிறது என்பது இல்லை. எந்தப் பள்ளி, எந்த மதம், பெரிய அறுவை சிகிச்சை வேண்டுமா என்பது போன்ற பெரிய முடிவுகளை யார் எடுப்பது என்பதுதான் அது. அன்றாடம் பிள்ளை யாரோடு இருக்கிறது என்பதை 'கேர் அண்ட் கன்ட்ரோல்' என்கிறார்கள். மற்றவருக்குக் கிடைக்கும் நேரம்தான் 'ஆக்சஸ்'. கூட்டு கஸ்டடி, அதாவது இரண்டு பேரும் சேர்ந்து பெரிய முடிவுகளை எடுப்பதுதான் பொதுவழக்கமாக இருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. அடி உதை, துன்புறுத்தல் போன்ற விதிவிலக்கான நிலைமையில்தான் ஒருவருக்கு மட்டும் கொடுப்பதைப் பற்றிப் பேச்சு வரும். ஆகவே "கஸ்டடி எங்களுக்குத்தான்" என்று மார் தட்டிக்கொண்டு, அதற்காக மட்டும் வழக்கறிஞருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுவதற்கு முன்னால், நிஜத்தில் எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. பெரும்பாலும் சண்டை கேர் அண்ட் கன்ட்ரோலுக்காக இருக்கும், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை இரவுக்காக இருக்கும். (என் சின்னவளுக்கு மொட்டை போடுவது பெரிய முடிவா சின்ன முடிவா என்று எங்கள் வீட்டில் நடந்த விவாதத்தை நீதிபதி கேட்டிருந்தால் எழுந்தே போயிருப்பார்.)

பிள்ளை அம்மாவோடுதான் போகும் என்று சட்டம் எதுவும் இல்லை. மணமுறிவு, பராமரிப்பு எல்லாவற்றுக்கும் அடிப்படையான சிங்கப்பூர்ச் சட்டம், மாதர் சாசனம், முதன்மையாகப் பார்ப்பது பிள்ளையின் நலனை. பெற்றோரின் விருப்பம் அடுத்துத்தான் வரும், சொந்தமாகக் கருத்துச் சொல்லும் வயது வந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் கேட்பார்கள். சின்னக் குழந்தைகள் அம்மாவிடம் இருப்பது நிறைய நடக்கிறதுதான், ஆனால் அது இதுவரை யார் பார்த்துக்கொண்டார் என்பதையும் பொறுத்தது. பள்ளியில் ஆசிரியர் சந்திப்புக்குப் போனது யார், பாலிகிளினிக்கில் காத்திருந்தது யார், காலையில் பேருந்து ஏற்றிவிட்டது யார் என்பதெல்லாம் கணக்கில் வரும். சம்பாதித்துக் கொடுத்ததையே பெருமையாகச் சொல்லும் அப்பாக்களுக்கு இது கசக்கும். என் தம்பிக்கும் கசந்தது. அவன் ஷிஃப்ட் வேலை, மகளின் வகுப்பாசிரியர் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. அவன் செய்த நல்ல காரியம், கேர் அண்ட் கன்ட்ரோலுக்காக முட்டிக்கொள்ளாமல் நல்ல ஆக்சஸ் நேரத்தைக் கேட்டு வாங்கியது.

இருவருக்கும் சமமாகப் பிரித்துக்கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. இரண்டு வீடும் ஒரே வட்டாரத்தில் இருந்து, பெற்றோர் இருவரும் கத்தாமல் பேசக்கூடியவர்களாகவும் இருந்தால் சரி. ஒருவர் உட்லண்ட்ஸ், ஒருவர் பிடோக் என்றால் பள்ளிக்குப் போகும் பிள்ளைதான் எம்ஆர்டி ரயிலில் வளரும். இன்னொன்று, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க அந்தப் பிள்ளையின் பெயரைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், மற்றவரின் சம்மதம் தேவைப்படும் நிலைமை வரலாம். கையெழுத்துப் போடும் முன் வீவக-விடம் கேட்டுவிடுங்கள். வீடு கிடைக்குமா என்பதே தெரியாமல் பிள்ளையைப் பிரித்து எழுதிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது மணமுறிவு மனு போடுகிறவர்களுக்கு 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இருந்தால், மனுவுக்கு முன்னாலேயே ஒரு பெற்றோர் வகுப்பை முடிக்க வேண்டும். 2024 ஜூலையிலிருந்து இப்படி. முடிக்காமல் மனு போட முடியாது. "நேரத்தை வீணடிக்கிறாங்க" என்று எரிச்சலாக இருக்கும், ஆனால் நாம் யாரோடு சண்டை போடுகிறோமோ அவரும் அதே வகுப்பைப் பார்த்திருப்பார் என்பதே பின்னால் சமரசப் பேச்சில் உதவும். சமரசப் பேச்சும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு வழியில் வந்தே தீரும். அங்கே போகும்போது ஒரு தாளில் இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: எதில் இறங்கி வருவேன், எதில் வர மாட்டேன். இரண்டாவது பட்டியல் முதலாவதை விட நீளமாக இருந்தால், அந்த அறைக்குள் போய்ப் பயனில்லை.

சரி, பணம்.

எனக்குக் கிடைத்த முதல் ஆலோசனை, பெரியம்மா சொன்னது: "அவன் காசே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இரு." நம்மவர்களிடம் இந்த ரோஷம் அதிகம். அது எனக்கு வர வேண்டிய காசாக இருந்தால் ரோஷப்படலாம். பிள்ளைக்கு வர வேண்டியதை நான் விட்டுக்கொடுக்க முடியாது. அப்படி எழுதிக்கொடுத்தாலும் பிறகு நீதிமன்றம் அதைத் திரும்பப் பார்க்க முடியும். பெற்றோர் இருவருக்கும் பிள்ளையைப் பராமரிக்கும் கடமை உண்டு, கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளையாக இருந்தாலும் உண்டு. மணமுறிவு மனுவே போடாமல், தனித்தனியாக வாழ்ந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைக்காகத் தொகை கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நான் கேட்டது அப்படித்தான். வீட்டை விட்டு வந்து அம்மாவோடு இருந்த காலத்தில், மணமுறிவைப் பற்றி இன்னும் முடிவெடுக்காதபோதே, பராமரிப்புக்கு மனு போட்டுவிட்டேன். மனுவை ஐஃபாம்ஸ் என்னும் இணையத்தளத்தில் சிங்பாஸ் என்னும் அரசாங்க மின்னடையாளத்தை வைத்துப் போடலாம். இதே வழி முஸ்லிம் குடும்பங்களுக்கும் உண்டு. மணமுறிவு ஷரியா நீதிமன்றத்தில் நடந்தாலும் பிள்ளைக்கான பராமரிப்பைக் குடும்ப நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். எங்கள் புளோக்கில் ஒரு அக்கா இது தெரியாமல் ரொம்ப நாள் அலைந்தார்.

எவ்வளவு கிடைக்கும்? சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று அட்டவணை கிடையாது. இரண்டு பேரும் பாதிப் பாதி என்றும் கிடையாது. இருவருக்கும் பொறுப்பு சமம், ஆனால் அவரவர் வசதிக்கு ஏற்பப் பங்கு மாறலாம் என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே பிள்ளைக்கு ஆகும் செலவைப் பட்டியல் போட வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பள்ளிக் கட்டணத்தைப் பெரிதாக எழுதுவார்கள். குடியுரிமை பெற்ற பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளியில் மாதம் அதிகம் போனால் 13 வெள்ளிதான். பணம் போகிற இடம் வேறு: மாணவர் பராமரிப்பு நிலையம், துணைப்பாடம், வருடா வருடம் மாறும் மூக்குக் கண்ணாடி, வீட்டு வாடகையிலும் மின்கட்டணத்திலும் பிள்ளையின் பங்கு, போக்குவரத்து, உணவு. ரசீது வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு காசுக்கும் ரசீது தேவையில்லை, நியாயமான தோராயத்தை ஏற்பார்கள். ஊதிப் பெருக்காதீர்கள். துணிமணிக்கு மாதம் 300 வெள்ளி என்று எழுதினால் அந்த ஒரு வரியால் மற்ற வரிகள் மீதும் சந்தேகம் வரும்.

அப்புறம் மாதத் தொகைக்கு வெளியே வரும் செலவு. பல்லுக்குக் கம்பி கட்டுவது, மருத்துவமனைக் கட்டணம், தேர்வு வருடத்து டியூஷன். இதை யார், எவ்வளவு, எத்தனை நாளுக்குள் தருவது என்று உத்தரவிலேயே எழுதிவிட்டால் சண்டை குறையும். என் உத்தரவில் மருத்துவச் செலவு பாதிப் பாதி என்று இருக்கிறது, முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த இரண்டாவது வாக்கியம் பிள்ளைகளின் அப்பா தரப்பு கேட்டது. முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது, பில்லை நீட்டும்போது "எனக்கே தெரியாது" என்று சொல்ல அவருக்கு இடமில்லை.

கொடுக்கும் தரப்புக்கு என் தம்பியின் அனுபவம். கையில் பணமாகக் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கிலிருந்து பேநவ் வழியாக அனுப்புங்கள், குறிப்பில் மாதத்தின் பெயரை எழுதுங்கள். மகளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்த மாதத் தொகையில் அதைக் கழித்து அனுப்பினான். அது செல்லாது. போன் அன்பளிப்பு, தொகை உத்தரவு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுத முடியாது என்று சமரச அதிகாரி சொன்னபோது, "நான் வாங்கினது அவளுக்குத்தானே" என்று குழந்தை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தான். வேலை போனாலோ சம்பளம் குறைந்தாலோ தானாகவே தொகையைக் குறைக்கக் கூடாது. நீதிமன்றம் மாற்றும் வரை பழைய தொகைதான் ஓடும், பாக்கி ஏறிக்கொண்டே போகும். நிலைமை மாறியதற்கு ஆதாரத்தோடு உடனே மாற்று மனு போட வேண்டும், பேசி முடித்துக்கொள்வதானால் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் "சரி, பார்த்துக்கலாம்" என்று சொன்னது சாட்சி ஆகாது.

வாங்கும் தரப்புக்கு என் அனுபவம். பாக்கி ஒரு மாதம் ஆனதும் நாகரிகமாக ஒரு வாட்ஸ்அப் செய்தி. பதில் இல்லையென்றால் அடுத்த மாதம் தேதி, தொகை எல்லாம் எழுதி இன்னொன்று. அதற்கு மேல் கெஞ்சுவதில் அர்த்தமில்லை, அமலாக்க மனு போட வேண்டியதுதான். "ஜெயில்ல போடுவாங்களா?" என்று எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். போட முடியும், ஆனால் பெரும்பாலும் அது கடைசிப் படி. அதற்கு முன் சம்பளத்திலிருந்தே நேராகப் பிடிக்கும் உத்தரவு, வங்கி உத்தரவாதம், தவணை, நிதி ஆலோசனை, சமூகச் சேவை என்று நிறைய உண்டு. எனக்கு உதவியது சம்பளத்தில் பிடிப்பது. அவர் நிரந்தர வேலையில் இருந்தார், முதலாளிக்குக் கடிதம் போனது, அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் கேட்க வேண்டிய அவமானம் எனக்கு இல்லை, மறந்துவிட்டேன் என்ற சாக்கு அவருக்கும் இல்லை. சொந்தத் தொழில் செய்பவர் என்றால் இது வேலைக்கு ஆகாது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 2025 ஜனவரியில் புதிய அமலாக்க முறை தொடங்கியது என்று நான் நினைத்துக்கொள்வேன். அதில் பராமரிப்பு அமலாக்க அதிகாரிகள் இருக்கிறார்கள், வங்கி, மத்திய சேமநிதி போன்ற இடங்களிலிருந்து தகவல் பெற்று, கையில் இல்லாமல் தரவில்லையா, இருந்தும் தரவில்லையா என்று பார்க்கிறார்கள். இல்லாதவரையும் ஏமாற்றுகிறவரையும் ஒரே மாதிரி நடத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை, அதனால் இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

இனி ஆக்சஸ். 'நியாயமான ஆக்சஸ்' என்று ஒரே வரியில் எழுதிக்கொள்வது, நல்ல உறவில் பிரிந்தவர்களுக்கு மட்டும்தான். மற்றவர்கள் நாள், நேரம், எங்கே ஒப்படைப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். மார்ச், செப்டம்பரில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், ஆண்டு இறுதியில் ஆறு வாரம் என்று பள்ளி விடுமுறை வருகிறது, அதையும் பிரிக்க வேண்டும். தம்பிக்கு வந்த வரைவில் சீனப் புத்தாண்டு இரண்டு நாளும் அழகாகப் பங்கு போட்டிருந்தது, தீபாவளியைக் காணோம். ஏதோ பழைய வரைவிலிருந்து எடுத்தது போலிருக்கிறது. தீபாவளி இங்கே ஒரு நாள்தான் பொது விடுமுறை, காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி உடுத்துவது யார் வீட்டில் என்பது ஒரு பாட்டிக்கு உயிர்ப் பிரச்சினை. ஒற்றைப்படை வருடம் அம்மா வீட்டில் காலை, அப்பா வீட்டில் மாலை, இரட்டைப்படை வருடம் மாற்றி, என்று எழுதிக்கொண்டார்கள். இரண்டு பாட்டிகளும் சமமாகக் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

ஒப்படைக்கும் இடம் வீட்டு வாசலாக இருக்க வேண்டாம். வாய்ட் டெக் (புளோக்கின் திறந்த தரைத்தளம்), எம்ஆர்டி நிலையத்தின் டிக்கெட் கேட், பள்ளி வாசல், இவற்றில் ஏதாவது. வாசலில் நின்றால் பழைய பேச்சு வரும், பின்னால் மாமியார் வருவார். செய்திகளை, நாளைக்கு நீதிபதி படித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்து எழுதுங்கள், ஏனென்றால் அவை பிரமாணப் பத்திரத்தோடு அப்படியே இணைக்கப்படும். தம்பி இரவு பன்னிரண்டு மணிக்கு எழுதிய ஒரு செய்தியை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிதானமான குரலில் வாசித்தபோது நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், தரை பிளக்காதா என்று இருந்தது.

பிள்ளையைக் காட்டாத வாரம் வந்தால்? சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்துக்குப் போங்கள். வந்துவிட்டேன் என்று செய்தி அனுப்புங்கள். வராவிட்டால் திரும்பிவிடுங்கள். மேலே ஏறிப் போய்க் கதவைத் தட்டிச் சத்தம் போட்டால், அடுத்த மனு உங்கள் மேல் பாதுகாப்பு உத்தரவு கேட்டு வரும். தேதிகளைக் குறித்து வையுங்கள். தொடர்ந்து நடந்தால் வழக்கறிஞர் கடிதம், பிறகு மனு. 2022-இல் மாதர் சாசனத்தில் செய்த திருத்தத்தால், இழந்த நேரத்துக்கு ஈடாக வேறு நேரம் தரச் சொல்லவும், வீணான செலவைத் திருப்பித் தரச் சொல்லவும், ஆலோசனைக்கு அனுப்பவும் நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. தம்பி ஈடு நேரம் வாங்கினான். ஆனால் பிள்ளையே "நான் வரல" என்று சொன்னால் எந்த உத்தரவாலும் அதை இழுத்து வர முடியாது. அதற்குக் குடும்பச் சேவை நிலையம், பொறுமை, இன்னும் பொறுமை. பிள்ளையிடம் "அம்மா என்ன சொன்னா?" என்று விசாரிப்பதை நிறுத்திய பிறகுதான் அவன் மகள் தானாகப் போன் செய்ய ஆரம்பித்தாள்.

இந்தியாவுக்குப் போவது தனிக் கதை. பாதிப் பேருக்குச் சொந்தம் அங்கே இருப்பதால் பயம் நிஜமானது. கஸ்டடி அல்லது கேர் அண்ட் கன்ட்ரோல் உத்தரவு இருந்தால், பெற்றோர் இருவரின் எழுத்துச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. பிள்ளையை வைத்திருப்பவர் ஒரு மாதத்துக்கும் குறைவாகக் கூட்டிப்போவதற்கு விலக்கு உண்டு. பிள்ளை கடத்தல் பற்றிய ஹேக் உடன்படிக்கையில் சிங்கப்பூர் இருக்கிறது, இந்தியா இல்லை. அதனால் திரும்பி வராமல் போனால் பிள்ளையைக் கொண்டுவருவது மிகக் கடினம். பயம் இருந்தால் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும் என்பதை உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள். பயம் இல்லாவிட்டாலும் போகும் தேதி, திரும்பும் தேதி, விமான எண், தங்கும் முகவரி நான்கையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். பாட்டி சாவுக்குத் திருச்சிக்கு ஓட வேண்டிய இரவில் மறுதரப்பு கையெழுத்துக்காகக் காத்திருப்பது கொடுமை. தம்பியும் அவன் முன்னாள் மனைவியும் இப்போது அவசரப் பயணத்துக்கென்று பொதுவாக ஒரு சம்மதம் எழுதி வைத்திருக்கிறார்கள், சண்டைக்கு நடுவிலும் செய்துகொண்ட உருப்படியான காரியம் அது.

என் மூத்தவனுக்குக் கொஞ்ச நாளில் தேசிய சேவை (என்எஸ்), இங்கே ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாயமானது. உத்தரவு 21 வயது வரைக்கும் ஓடும், தேசிய சேவை, படிப்பு, உடற்குறை போன்ற காரணங்களுக்கு அதற்கு மேலும் நீட்டக் கேட்கலாம். "என்எஸ்ல அலவன்ஸ் வருதே, எனக்குக் குறைக்கலாம்தானே?" என்று அவன் அப்பா செய்தி அனுப்பியிருக்கிறார். கேட்பதில் தப்பில்லை, அவன் முகாமில் சாப்பிடுவான், எனக்கும் செலவு கொஞ்சம் குறையும்தான். ஆனால் அடுத்து பாலிடெக்னிக்கா பல்கலைக்கழகமா என்று தெரியாமல் எவ்வளவு குறைப்பது என்று எப்படிச் சொல்ல? அவன் தேர்வு முடிவு வந்த பிறகு செலவைப் பட்டியல் போட்டு இருவரும் பேசலாம், ஒத்துவந்தால் நீதிமன்றத்தில் சம்மதத்தோடு மாற்றிக்கொள்ளலாம், அதுவரை பழைய தொகையையே அனுப்புங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன். இந்த மாதம் முழுத் தொகையும் வந்திருக்கிறது.